ஆய்வுக்குழுவோடு மலையேறும் அறிவியல் ஆசிரியர்: கையில் இருக்க வேண்டியது பதிவுத்தாள்

கொங்குநாட்டில் ஒருவர் "காட்டுக்குப் போயிட்டு வர்றனுங்க" என்றால் வெள்ளாமை நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைக்கிற புன்செய்தான் இங்கே காடு. யானையும் சிறுத்தையும் நடமாடும் இடத்தை மலை என்போம், வனம் என்போம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த வனத்தைப் பற்றியது. முடியும்போது புன்செய்க் காட்டுக்கும் வந்து சேரும்.

தெற்கே ஆனைமலை, மேற்கே சிறுவாணி, வடக்கே திம்பமும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும், கிழக்கே கொல்லிமலை என்று நம் சமவெளியைச் சுற்றி மலைகள் நிற்கின்றன. ஆனைமலை 2007லும் சத்தியமங்கலம் 2013லும் புலிகள் காப்பகங்கள் ஆயின. 1990இல் தொடங்கிய சாலிம் அலி பறவையியல் மையம் ஆனைகட்டியில் இருக்கிறது. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆய்வு நிலையம், கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம், வன மரபியல் நிறுவனம், வேளாண் பல்கலைக்கழகம் என ஆய்வாளர்கள் கிளம்பும் வாசல்கள் பல. அதே ஊர்களில் ஒளிச்சேர்க்கையும் உணவு வலையும் கரும்பலகையில் நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்த இரு தரப்பும் ஒரே முகாமில் படுத்து எழுந்தால் என்ன கிடைக்கும், அதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதே இங்கே பேச்சு.

வெளிநாட்டில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா 1990இல் தொடங்கிப் பள்ளி ஆசிரியர்களைத் தன் ஆய்வுக் கப்பல்களில் ஏற்றி வந்திருக்கிறது. துருவப் பகுதிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பிய போலார்ட்ரெக் திட்டத்தில் ஒருவர் பல வாரம் களத்தில் இருந்தார். கப்பல் ஏறும் ஆசிரியருக்கு ஆய்வாளர்களோடு சேர்த்து முறைப்பணி போடுவார்கள்; பல பயணங்களில் அது 12 மணி நேர முறை. வலையில் வந்த மீனைப் பிரிப்பதும், நீளம் அளந்து பதிவதும் அவர் வேலை. அந்தத் திட்டத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த முறைப்பணிதான். கப்பலும் பனியும் நமக்குத் தேவையில்லை.

விருந்தாளியாக வரும் ஆசிரியருக்குப் படமும் மகிழ்ச்சியும் கிடைக்கும். ஒரு வேலையை ஏற்று வருபவருக்கு அறிவியல் எப்படி நடக்கிறது என்பதே கைக்குள் வரும். அந்த ஒரு வேலை எது என்று கேட்டால், கண்டதையும் அளந்ததையும் எழுதும் பதிவுத்தாளைப் பிடிப்பது என்று தயங்காமல் சொல்லலாம். ஐந்து நாள் முகாமில் தினம் ஒரு வேலையாக மாற்றிக் கொடுப்பது மரியாதைபோலத் தோன்றும். ஆனால் முதல் நாள் தவறுகளை ஐந்து முறை செய்யவைத்து அனுப்புவதுதான் அது. ஐந்து நாளும் ஒரே தாள், ஒரே கட்டங்கள் என்றால் மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பதிவை நம்பலாம்.

அனுமதியும் காலமும்

வனத்துக்குள் ஆய்வு என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தில் யார் யார் போகிறார்கள் என்று பேர் இருக்கும். "நம்ம குழுவோடதான் வர்றார்" என்று சோதனைச்சாவடியில் சொல்லிப் பயனில்லை. ஆய்வாளர் விண்ணப்பம் எழுதும்போதே ஆசிரியரின் பேரைச் சேர்த்தாக வேண்டும்; அது பயணத்துக்குப் பல மாதம் முன்பு நடக்கிற வேலை. பெரும்பாலான திட்டங்கள் கவிழ்வது இந்த இடத்தில்தான். பள்ளித் தரப்பில் தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலருக்கு எழுதி, பணிநாளா விடுப்பா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லில் கிளம்பினால், மலையில் ஏதாவது நடந்த பிறகு அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது.

காலத்தைப் பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பார்க்கலாம். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை ஓடை ஆய்வுக்கு ஏற்றது: தென்மேற்குப் பருவமழையின் வேகம் தணிந்திருக்கும், ஓடையில் நீர் தெளிந்து ஓடும். அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் பறவைகளுக்கு. வலசைப் பறவைகள் குளங்களில் நிறைந்திருக்கும் நேரம் அது. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015 முதல் பொங்கல் நாள்களில் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்பும் வனத்துக்குள் போகாமலே சேரக்கூடியவை. வெள்ளோடும் நஞ்சராயன் குளமும் சிங்காநல்லூர்க் குளமும் பக்கத்திலேயே இருக்கின்றன. மாசி, பங்குனியில் காட்டுத்தீப் பயம். அப்போது ஆய்வாளர்களே நெருக்கடியில் இருப்பார்கள், புது ஆளைச் சேர்ப்பது சரியல்ல. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம். அந்தக் காற்றில் பறவைக் குரலைக் கேட்டுக் கணக்கெடுக்க முடியாது. கணவாய்க்கு நேராக உள்ள ஊர்களில் பயிற்சி வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கோட்டுப் பாதையில் ஒரு காலை

மான், காட்டுமாடு போன்றவற்றின் எண்ணிக்கையைக் கணிக்கப் பரவலாகப் பயன்படுவது கோட்டுப் பாதை முறை. குறைந்தது 2 கி.மீ. நீளமுள்ள நேர்க்கோட்டை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். விடிந்ததும் இரண்டு மூன்று பேர் மெதுவாக, சத்தமின்றி அதில் நடப்பார்கள். ஒரு கூட்டத்தைக் கண்டால் நின்று நான்கு விவரம் எடுக்க வேண்டும்: இனம், எத்தனை, நடப்பவரிடமிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை. தூரத்துக்கு லேசர் தூரமானி, திசைக்குத் திசைகாட்டி.

கணக்குக்கு வேண்டியது பாதையிலிருந்து விலங்குக்கு உள்ள செங்குத்துத் தூரம். பாதையின் திசை 45 பாகை, புள்ளிமான் கூட்டம் இருக்கும் திசை 75 பாகை, தூரம் 40 மீட்டர் என்று வையுங்கள். இடைக்கோணம் 30 பாகை. அதன் சைன் மதிப்பு 0.5, எனவே செங்குத்துத் தூரம் 20 மீட்டர். நம் பிள்ளைகள் படிக்கும் அதே முக்கோணவியல்தான். கொடிக்கம்பத்தின் உயரத்தைக் காண்பதற்கு மட்டும் பயன்படும் பாடம் என்று அதை நினைத்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு, மான் எண்ணுவதும் அதே பாடம் என்பது பெரிய செய்தி.

எங்கே கெடும்? முதலாவது, முழுமையாக்கும் பழக்கம். 18 மீட்டரும் 22 மீட்டரும் தாளில் 20 ஆகிவிடும். அதைவிடத் தீங்கானது, பாதையை ஒட்டி நின்ற விலங்கை "பாதை மேலேயே" என்று சுழியத்தில் போடுவது. பாதைக்கு அருகே பல விலங்கு தெரிந்ததாகக் காட்டினால், தள்ளி நின்றவை நிறையக் கண்ணுக்குத் தப்பிவிட்டன என்று கணக்கு எடுத்துக்கொள்ளும். மொத்த எண்ணிக்கை பொய்யாக ஏறும். இரண்டாவது, கோணம். 60 மீட்டர் தொலைவில் உள்ள விலங்குக்கு 10 பாகை என்றால் செங்குத்துத் தூரம் 10.4 மீட்டர், அதையே 15 பாகை என்று படித்தால் 15.5 மீட்டர். ஐந்து பாகைத் தவறு ஐந்து மீட்டரை விழுங்கிவிட்டது. செல்போனையோ தூரமானியையோ பிடித்திருக்கும் கையருகிலேயே திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் முள் விலகி நிற்கும். ஆகவே ஒன்றை அளந்து, கீழே இறக்கிவிட்டு, மற்றதை அளக்க வேண்டும். மூன்றாவது, விலங்கு நகர்ந்த பிறகு அளப்பது. நம்மைக் கண்டு ஓடி நின்ற இடம் வேண்டாம். முதலில் கண்ட இடத்தில் ஒரு மரத்தை அடையாளம் வைத்து அதற்கு அளக்க வேண்டும். கூட்டமாக இருந்தால் அதன் நடுவுக்கு.

இந்த வேலையில் எழுதுபவர் ஆசிரியர் என்றால், சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லி எழுதுவது அவர் கடமை. காற்றில் "அறுபது"ம் "எழுபது"ம் ஒன்றுபோலக் கேட்கும். "ஆறு, சைபர்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லிக்கொள்வது நல்லது. பேர்களிலும் இதே தொல்லை. கடமானும் மிளாவும் ஒன்றே. கேளையாட்டை ஓர் ஊரில் காட்டாடு என்பார்கள், இன்னோர் ஊரில் அதே சொல் வேறொன்றைக் குறிக்கும். கிளம்புமுன் இனங்களுக்குக் குறியெழுத்துப் பட்டியல் போட்டுத் தாளின் தலையில் ஒட்டிவிட வேண்டும். ஊர்ப்பேரைத் தனிக் கட்டத்தில் எழுதலாம். அதைத் தூக்கி எறியக் கூடாது, அதுவும் அறிவு.

வெற்றுக் கட்டமும் சுழியமும்

ஆசிரியருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வருகைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும் எழுதிப் பழகிய கை, கட்டம் காலியாக இருந்தால் பொறுக்காது. கோணம் எடுக்க மறந்துவிட்டால் மாலையில் நினைவிலிருந்து ஓர் எண்ணைப் போட்டு நிரப்பத் தோன்றும். கள ஆய்வில் இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. காலிக் கட்டம் ஒரு வரியை மட்டும் வீணாக்கும். நிரப்பிய ஊகம் எது என்று பிறகு பிரித்தறிய முடியாததால், அது எல்லா வரிகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

ஆகவே மூன்று குறி வேண்டும். தேடிப் பார்த்தோம், இல்லை என்றால் 0. அளக்கவில்லை என்றால் குறுக்குக் கோடு. அளந்தோம், சந்தேகம் என்றால் எண்ணும் பக்கத்தில் கேள்விக்குறியும். இரண்டு மணி நேரம் நடந்து ஒரு விலங்கும் தெரியாத நாளுக்கும் முழுத் தாள் உண்டு: தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர், வானம் எப்படி, கண்டது 0. அந்தத் தாள் இல்லாவிட்டால், விலங்கு கண்ட நாள்கள் மட்டுமே கணக்கில் நின்று வனம் நிறைய மான் இருப்பதாகக் காட்டிவிடும்.

எழுத ஹெச்பி பென்சில். பால்பாயின்ட் மை ஈரத்தாளில் பிடிக்காது, ஜெல் மை ஓடிவிடும். தவறினால் ரப்பர் போடாமல் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். பழைய எண்ணும் படிக்கும்படி இருக்கட்டும். முகாம் திரும்பியதும் குளிப்பதற்கு முன் தாளைப் படமெடுத்துவிட வேண்டும். அன்றிரவே கணினியில் ஏற்றினால், "இந்த 7 உண்மையில் 1ஆ?" என்று கேட்க ஆள் பக்கத்திலேயே இருப்பார்.

ஜிபிஎஸ் எண்ணில் ஒரு தனி ஆபத்து. 10.3254 பாகை என்பதை ஒருவர் 10 பாகை 32.54 நிமிடம் என்று எழுதிவிட்டால், அந்த இடம் வடக்கே ஏறத்தாழ 24 கி.மீ. நகர்ந்துவிடும். வால்பாறை மேட்டில் பார்த்த சோலைமந்தி, வரைபடத்தில் ஆனைமலை அடிவாரத்துத் தென்னந்தோப்பில் நிற்கும். கருவியின் அமைப்பை முதல் நாளே, 10.3254 என்பதுபோலப் புள்ளி வைத்துக் காட்டும் பதின்மப் பாகைக்கு மாற்றி, யாரும் தொடக் கூடாது என்று வைப்பதே வழி. அடர்ந்த மரநிழலில் கருவியை உடனே நம்பவும் கூடாது. பிழை அளவு 10 மீட்டருக்குள் இறங்கும் வரை நின்று பதிய வேண்டும்.

ஓடையில்: வேதியியல் ஆசிரியரின் களம்

ஆய்வு மாணவரைவிடப் பள்ளி ஆசிரியர் கை தேர்ந்தவராக இருக்கும் வேலை ஒன்று உண்டு. அது தரம்பார்த்தல் (டைட்ரேஷன்). ஆண்டுதோறும் பிப்பெட்டும் பியூரெட்டும் பிடிக்கும் கை அது. ஓடை நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனை அளக்க இப்போது மின்முனைக் கருவிகள் வந்துவிட்டன என்றாலும், அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்க விங்க்ளர் முறையே துணை.

முறை இது. 300 மி.லி. கண்ணாடிப் போத்தலை நீருக்குள்ளேயே சாய்த்து, குமிழி இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். 2 மி.லி. மாங்கனஸ் சல்பேட், 2 மி.லி. கார அயோடைடு அசைடு கரைசல் இரண்டையும் பிப்பெட் முனை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி விட்டு, மூடி, தலைகீழாகப் பலமுறை திருப்ப வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்ஸிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் கிட்டத்தட்ட இல்லை. படிவு பாதிக்கு மேல் கீழிறங்கியதும் 2 மி.லி. அடர் சல்பூரிக் அமிலம். படிவு கரைந்து தேன் நிறம் வரும். அதில் 203 மி.லி. எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்த்தால், செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்ஸிஜனைக் குறிக்கும். 200க்குப் பதில் ஏன் 203 என்று கேட்டால், முதலில் விட்ட 4 மி.லி. கரைசல் அதே அளவு நீரை வெளியே தள்ளிவிட்டது, அதை ஈடுகட்ட.

கெடும் இடங்கள்: நிரப்பும்போது ஒரு குமிழி சிக்கினால் அளவு ஏறும். "முகாமில் போய்ப் பார்த்துக்கலாம்" என்று முதல் இரண்டு கரைசலைத் தள்ளிப்போட்டால் போத்தலுக்குள் இருக்கும் உயிரிகள் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். அந்த இரண்டும் ஓடைக்கரையிலேயே சேர வேண்டும், தரம்பார்ப்பதைச் சில மணி நேரம் தள்ளலாம். ஸ்டார்ச்சைத் தொடக்கத்திலேயே விட்டால் அயோடின் அதோடு இறுகி முடிவுநிலை தள்ளிப்போகும். கரைசல் வெளிர் மஞ்சளாகிய பிறகே விட வேண்டும். பழைய ஸ்டார்ச் நீலம் தராது, ஊதா காட்டும். முந்தின இரவு புதிதாகக் காய்ச்சிக்கொள்வதே நல்லது. தயோசல்பேட்டும் நாள்பட்டால் வீரியம் குறையும். கிளம்புமுன் திட்டப்படுத்தியாக வேண்டும்.

அடர் அமிலத்தை ஆழியாரிலிருந்து 40 கொண்டைஊசி வளைவு ஏற்றிக் கொண்டுபோவது விளையாட்டல்ல. திருகுமூடி போட்ட சிறு கண்ணாடிப் புட்டியை, மணல் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பாவில் நிமிர்ந்து நிற்கும்படி புதைத்து, கால்மாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்திய கரைசல் ஒரு துளியும் ஓடையில் விழக் கூடாது. தனிக் கேனில் சேர்த்துக் கீழே கொண்டுவர வேண்டும்.

மின்முனைக் கருவி வைத்திருப்பவர்கள் அதைப் பொள்ளாச்சியிலேயே சீராக்கிவிட்டு மலையேறுவது அடிக்கடி நடக்கும் தவறு. 20 டிகிரி செல்சியஸில் கடல்மட்டத்தில் நீர் லிட்டருக்கு 9.1 மி.கி. ஆக்ஸிஜனோடு நிறைவுறும், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அது 8 மி.கி.யை ஒட்டி நிற்கும். ஓடை நலமாக இருக்கிறதா என்பதை அந்த இடத்து நிறைவு அளவோடு ஒப்பிட்டே சொல்ல முடியும். இதே காரணத்தால் வால்பாறையில் நீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். முகாம் அடுப்பில் வெப்பமானியை விட்டுக் குறித்து வந்தால், 100 டிகிரி என்று மனப்பாடம் செய்த வகுப்புக்கு அதுவே ஒரு பாடவேளை.

நீரை எடுத்த பிறகே பூச்சிகள். கீழ்நீரிலிருந்து மேல்நீர் நோக்கிப் போக வேண்டும். மேலிருந்து வந்தால் நாம் கலக்கிய சேறு அடுத்த இடத்து மாதிரியைக் கெடுக்கும். அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்து, முன்னால் உள்ள கற்களைக் காலால் கிளற வேண்டும். மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை இளவுயிரிகள் நிறைய இருந்தால் நீர் தூயது. எண்ணிவிட்டுத் திரும்ப விடுவது போதும். அனுமதியில் சேகரிப்பு இருந்தால், 70 சதவீத எத்தனால் குப்பிக்குள் பென்சிலால் எழுதிய காகிதத் துண்டையும் போட வேண்டும். வெளியே மார்க்கரில் எழுதிய பேரை எத்தனால் ஒரு துளி சிந்தினாலே அழித்துவிடும். பேரில்லாத குப்பி குப்பைக்குத்தான்.

கருவிகள் காவல் இருக்கும் இடம்

சூடும் அசைவும் உணர்ந்து தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமராவைப் பற்றிச் சுருக்கமாக. அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 2 சதுர கி.மீ.க்கு ஒரு ஜோடி வைப்பார்கள். ஜோடி ஏனென்றால் புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. முழங்கால் உயரத்தில், ஏறத்தாழ 45 செ.மீ.யில், ஒன்றின் ஒளி மற்றதன் கண்ணில் விழாதபடி சற்று விலக்கிக் கட்ட வேண்டும். சூரியன் நேரே விழும் திசையும், முன்னால் ஆடும் புல்லும் ஆகாது: வெயிலில் சூடான இலை அசைந்தாலே கேமரா சுட்டுவிடும், நினைவட்டை முழுக்க வெற்றுப் படம். மாயாற்றுப் பள்ளத்தாக்கின் கோடை நடுப்பகலில் எதிர்ச்சிக்கல்: சுற்றுச்சூடும் உடல்சூடும் நெருங்கிவிடுவதால் விலங்கு கடந்தும் கேமரா விழிக்காது. பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களில் தேதி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் முதல் படம், இட எண்ணும் தேதியும் நேரமும் எழுதிய பலகையாக இருக்கட்டும். அந்தப் பலகையைப் பிடிப்பதும் பதிவர் வேலையே.

ஒலிப்பதிவுக் கருவிக்கு நினைவட்டைக் கணக்கு முக்கியம். நொடிக்கு 48,000 மாதிரி, 16 பிட் என்றால் மணிக்கு சுமார் 346 மெகாபைட். நாள் முழுக்க ஓடவிட்டால் 32 ஜிபி அட்டை நான்கு நாளைக்குத் தாங்காது. விடியலும் அந்தியும் மட்டும் போதுமா என்று ஆய்வாளரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.

உடம்பும் உயிரும்

முன்னால் நடப்பவர் வேட்டைத் தடுப்புக் காவலராகவோ காடர், மலசர், முதுவர், இருளர், சோளகர் சமூகத்தைச் சேர்ந்த வழிகாட்டியாகவோ இருப்பார். வனத்துக்குள் அவர் சொல்லே முடிவு. ஆய்வாளரின் பட்டமும் ஆசிரியரின் வயதும் அங்கே பேசாது. யானை வாடையையும் ஒடிந்த கிளையின் ஈரத்தையும் காற்று மாறுவதையும் அவர் அறிவதுபோல் நாம் அறிய மாட்டோம். "சார், நில்லுங்க" என்றால் எடுத்த காலை வைக்காமல் நிற்க வேண்டும். ஏன் என்ற கேள்வி முகாமில். வகுப்பறைக் குரல் பழகியவர்களுக்கு மெல்லப் பேசுவதே முதல் பயிற்சி. ஏதாவது தெரிய வேண்டும் என்றால், "ஏனுங்கண்ணா, இதென்ன தடமுங்க?" என்று ஓய்வெடுக்கும் இடத்தில் கேட்கலாம். தெரிந்ததை விளக்கத் தொடங்கும் ஆசிரியரைவிட, கேட்டு எழுதும் ஆசிரியருக்கு நூறு மடங்கு கிடைக்கும். சம்பளத்துக்கு வரும் உள்ளூர் உதவியாளரின் இடத்தை ஆசிரியரை வைத்து நிரப்பக் கூடாது என்பதிலும் குழு தெளிவாக இருக்க வேண்டும்.

உடை மண் நிறமோ பாசி நிறமோ. வெள்ளை வேண்டாம், வாசனைத் தைலம் வேண்டாம். அட்டைக்கடிக்கு, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் முழங்கால் வரை தைத்த காலுறையே சிறந்த காப்பு. கடித்துவிட்டால் நகத்தை அடியில் விட்டு நகர்த்தி எடுத்து, இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும்; இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் சற்று நேரம் கசியும், பயப்பட வேண்டாம். தவளை ஆய்வுக் குழுவோடு போனால் கொசு விரட்டிக் களிம்பு கையில் இருக்கக் கூடாது, தவளை தோல் வழியே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஓர் ஓடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் காலணியைக் கழுவிக் கிருமிநீக்க வேண்டும். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை நம் செருப்பிலேயே பயணிக்கும்.

உண்ணியையும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளையும் மாலைதோறும் இடுப்பு, அக்குள், காதோரம் எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். செத்துக் கிடக்கும் குரங்கைத் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "வனத்துக்குள் போய்வந்தேன்" என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்தச் சிறு பூச்சிகள் கடித்து வரும் ஸ்கரப் டைஃபஸ் சாதாரணக் காய்ச்சல்போலவே தொடங்கும். கருகிய சிறு புண் எங்காவது இருந்தால் அதையும் காட்ட வேண்டும்.

சாப்பாட்டுக்கு நம்மூர் அரிசிம்பருப்பு சாதத்தைப்போல முகாமுக்கு ஏற்றது வேறில்லை. ஒரே பாத்திரம், அரிசி மூன்று பங்குக்குத் துவரம்பருப்பு ஒரு பங்கு, சின்ன வெங்காயம், பூண்டு. நாளெல்லாம் மலையேறும் ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் அரிசி என்று வைத்தால் ஐந்து பேர் ஐந்து நாளைக்கு 10 கிலோ. குக்கர் கட்டாயம் வேண்டும். கொதிநிலை குறைந்த இடத்தில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக விறகும் நேரமும் அதிகம் பிடிக்கும்.

போகுமுன்னும் வந்தபின்னும்

மூன்று வாரப் பயிற்சி பள்ளி மைதானத்திலேயே முடியும். 100 மீட்டர் நாடாவை விரித்துத் தன் அடி எத்தனை என்று ஐந்து முறை எண்ணிச் சராசரி எடுக்கலாம். கொடிக்கம்பம், வேப்பமரம், சுற்றுச்சுவர் என்று பத்துப் பொருளின் தூரத்தைக் கண்ணால் கணித்து எழுதி, பிறகு நாடாவால் அளந்து, தன் கண் எந்தப் பக்கம் தவறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பறவைக் கூட்டத்தை எண்ணத் தட்டில் பச்சைப்பயறைச் சிதறவிட்டு, பத்து நொடி பார்த்து எண்ணிக்கை சொல்லி, பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும். பெருங்கூட்டத்தைக் குறைத்தே சொல்வது பெரும்பாலோர் இயல்பு; பத்தை முதலில் எண்ணி, அந்த அளவுத் துண்டாகக் கண்ணால் நகர்த்திப் போனால் பிழை குறையும்.

கொண்டுவரக் கூடாதவையும் உண்டு. முள்ளம்பன்றி முள், கொம்புத் துண்டு, இறகு, எலும்பு எதுவும் பள்ளி ஆய்வகத்துக்கு வரக் கூடாது, சட்டம் அனுமதிப்பதில்லை. மாதிரி பார்க்க வேண்டுமென்றால் கோவை வனக்கல்லூரி வளாகத்தில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. அரிய உயிரினத்தின் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடுவது, அந்த இடத்துக்குப் படமெடுப்பவரையும் திருடரையும் அழைப்பதாகும். செல்போன் படத்துக்குள்ளேயே இடக்குறி ஒளிந்திருக்கும், பகிருமுன் அதை நீக்க வேண்டும். எந்தத் தரவை, எவ்வளவு, இடம் மறைத்து வகுப்பில் பயன்படுத்தலாம் என்பதை ஆய்வாளரிடம் பயணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டியது அந்தப் பதிவுத்தாளின் நகலையே. ஈரம் பட்ட, கோடு கிழித்துத் திருத்திய, 0 போட்ட தாள். பாடநூலில் வரும் அட்டவணைகள் எல்லாம் சலவை செய்தவை. அளந்தவரின் தடுமாற்றம் அவற்றில் தெரியாது. இந்தத் தாளில் தெரியும். முதலில் நாற்பது பிள்ளைகளும் செங்குத்துத் தூரம் கணக்கிடட்டும். அடுத்து, தூரங்களைப் பட்டை வரைபடமாக்கினால் 10, 20, 30இல் மட்டும் குவிந்து நிற்பதைக் கண்டு காரணம் கேட்பார்கள்.

பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொங்குக்காரர் சொல்கிற காட்டுக்கே போகலாம். காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை முள்வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல் வளர்த்து, நடுநடுவே வெள்வேல மரம் நிற்கும் கொறங்காடுகள் உள்ளன. காங்கேயம் மாடு மேய்ந்து வளர்ந்த மேய்ச்சல் நிலம் அது. நிலத்துக்காரரிடம் கேட்டு, மாடு வேறு காட்டில் மேயும் நாளில் போக வேண்டும். ஒரு மீட்டர்ச் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே எத்தனை வகைப் புல், எத்தனை எறும்புப் புற்று, எவ்வளவு வெற்றுத் தரை என்று பத்து இடத்தில் எண்ணலாம். கண்ணுக்குப் பிடித்த இடத்தில் சதுரத்தைப் போட விடக் கூடாது. துண்டுச்சீட்டில் எண் எடுத்து, வேலி மூலையிலிருந்து அத்தனை அடி நடந்து போட வேண்டும். மலையில் ஆசிரியர் பயன்படுத்திய அதே தாள், அதே மூன்று குறிகள். ஒரு சதுரத்தில் ஒன்றுமே இல்லை என்று கட்டத்தைக் காலியாக விட்டுவரும் பிள்ளையைத் திரும்ப அனுப்பி, நன்றாகப் பார்த்துவிட்டு 0 எழுதிவரச் சொல்ல வேண்டும்.